தம்பியின் டிராயரில் 11 காலி நீல பம்ப்: ஆஸ்துமா வைத்தியம் மாறிவிட்டது, நம் வீடுகளுக்குத் தெரியவில்லை

சாட்ஸ்வொர்த்_அக்கா
ஞாயிறு, இரவு 8:15

எல்லோருக்கும் வணக்கம். நம் தென்னாப்பிரிக்கத் தமிழர் குழுவில் தமிழ் வகுப்பு அறிவிப்பைப் போட்டுவிட்டுப் போகிறவள் நான். இன்று மனசு தாங்காமல் எழுதுகிறேன்.

போனதுக்கு முந்தின வெள்ளி ராத்திரி 2 மணிக்குத் தம்பி வீட்டிலிருந்து போன். "அக்கா, அவருக்கு மூச்சு வரல, உடனே வாங்க." நான் போய்ச் சேர்ந்தபோது கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை பேசுவான், மூச்சு வாங்குவான், அடுத்த வார்த்தை. உதடு நிறம் மாறியிருந்தது. அவனுக்கு வயசு 38. பையனாக இருந்தபோதிலிருந்தே இழுப்பு உண்டு; "அது அவனுக்கு எப்பவும் இருக்கிறதுதான்" என்று நாங்களும் விட்டுவிட்டோம். அந்த விட்டுவிட்டது என்கிற சொல்தான் எனக்கு இப்போது உறுத்துகிறது.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தான். அவனுக்குத் துணி எடுக்கப் போனபோது கட்டிலுக்குப் பக்கத்து டிராயரைத் திறந்தேன். 11 காலி பம்ப், அதாவது வாயில் வைத்து அடிக்கிற இன்ஹேலர். எல்லாமே நீலம், இழுப்பு வரும்போது அடிக்கிற சால்பியூட்டமால் என்கிற நிவாரண மருந்து. தீபாவளிக்குப் பிறகு வாங்கியவை. நாலு மாதம்கூட ஆகவில்லை. கவுண்டரில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள், யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

வார்டில் டாக்டர் எனக்கு விளக்கியதை அப்படியே சொல்கிறேன். மூச்சுக்குழாயைச் சுற்றித் தசை இருக்கிறது, உள்பக்கம் தோல் மாதிரி ஒரு சவ்வு இருக்கிறது. ஆஸ்துமாவில் அந்தச் சவ்வு வீங்கிச் சளி கோத்துக்கொள்ளும், தசையும் இறுகும். நீல பம்ப் தசையைத் தளர்த்தும். ஐந்து நிமிஷத்தில் சுகம். வீக்கம் அப்படியே இருக்கும். தினம் சுகம் கிடைக்கிறதால் வீக்கம் ஏறுவது நமக்குத் தெரிவதில்லை. ஒரு நாள் பம்ப் அடித்தும் திறக்காது.

அதற்குப் பிறகு ராத்திரி ராத்திரியாகப் படித்தேன். ஆஸ்துமாவுக்கு உலக அளவில் வழிகாட்டுகிற ஜீனா என்கிற அமைப்பு, 12 வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் நீல பம்ப்பை மட்டும் தனியாகக் கொடுக்கக்கூடாது என்று 2019-லேயே சொல்லிவிட்டது. 200 தடவை அடிக்கிற பம்ப் வருஷத்தில் மூன்று முடிந்தாலே கடும் மூச்சுத்திணறல் வரும் ஆபத்து கூடுகிறது, மாதம் ஒன்று என்று போனால் சாவு ஆபத்தே கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் கதையை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2014-ல் அறிக்கை வெளியிட்டார்கள். நிவாரண பம்ப் எழுதித்தரப்பட்டவர்களில் 39 சதவீதம் பேர் சாவதற்கு முந்தின வருஷம் 12-க்கு மேல் வாங்கியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு டிராயரை நினைத்தேன். கை நடுங்கியது.

உங்கள் வீட்டு டிராயரைத் திறந்து பாருங்கள். எத்தனை இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

---

பீனிக்ஸ்_தம்பி
ஞாயிறு, இரவு 8:52

எங்க வீட்ல 4. எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்து. அண்ணன் நல்லா இருக்காரா அக்கா?

---

டொங்காட்_அம்மா
ஞாயிறு, இரவு 9:30

அக்கா, படித்ததும் அடிவயிறு கலங்கிவிட்டது. நாங்கள் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்து மூன்று வருஷம். என் மகனுக்கு 6 வயசு. ஊரில் இருந்தவரை சளி இருமல் தவிர ஒன்றுமில்லை. இங்கே கரும்பு வெட்டு ஆரம்பித்ததும், தோட்டம் கொளுத்துகிற வாரங்களில், கொடியில் காயப்போட்ட துணியில் கறுப்புச் சாம்பல் விழும். அந்த வாரமெல்லாம் பிள்ளைக்கு ராத்திரி இருமல், நெஞ்சில் விசில் சத்தம். கிளினிக்கில் நீல பம்ப்பும், தினமும் அடிக்கிற பிரவுன் தடுப்பு பம்ப்பும் கொடுத்தார்கள். பிரவுன் ஸ்டீராய்டு என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் நான் கொடுக்கவில்லை. வளர்த்தி நின்றுபோகும், எலும்பு தேயும் என்கிறார்கள். ஊரில் அத்தையும் போனில் அதையே சொல்கிறார். ஆடாதோடைக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறேன். நான் செய்தது தப்பா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

---

மரிட்ஸ்பர்க்_மருந்தாளர்
ஞாயிறு, இரவு 10:41

தங்கச்சி, பயந்ததில் தப்பே இல்லை. ஆனால் பயத்துக்கு ஒரு அளவு உண்டு, அந்த அளவைச் சொல்கிறேன்.

ஸ்டீராய்டு பம்ப் எடுத்த பிள்ளைகளை அமெரிக்காவில் வருஷக்கணக்காகத் தொடர்ந்து கவனித்து, அவர்கள் பெரியவர்களானதும் உயரம் அளந்தார்கள். 2012-ல் முடிவு வந்தது. புடெசோனைடு என்கிற ஸ்டீராய்டு பம்ப் எடுத்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குட்டை. அவ்வளவுதான், விரலின் ஒரு கணுவில் பாதி. அதை மறைக்கவும் வேண்டாம், மலையாக்கவும் வேண்டாம். மாத்திரையாக விழுங்குகிற ஸ்டீராய்டும் பம்ப்பில் இழுக்கிற ஸ்டீராய்டும் ஒன்றல்ல. மாத்திரை உடம்பு முழுக்கப் போகும், மில்லிகிராம் கணக்கு. பம்ப்பில் மைக்ரோகிராம், அதுவும் நேராக நுரையீரலுக்கு. பிரவுன் பம்ப்பைத் தள்ளிப்போடுகிற பிள்ளைதான் அட்டாக் வந்து மாத்திரை ஸ்டீராய்டை அடிக்கடி விழுங்க வேண்டியதாகிறது. அடித்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், வாயில் வெள்ளைப் படலம் வராது.

மறுபக்கத்தையும் சொல்கிறேன். கனடாவில் சஸ்காட்சுவான் மாகாண மருந்துப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2000-ல் வந்தது. வருஷத்தில் கூடுதலாக எடுத்த ஒவ்வொரு ஸ்டீராய்டு பம்ப்புக்கும் ஆஸ்துமா சாவு விகிதம் 21 சதவீதம் இறங்கியது. இருபது வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறேன், என் தொழிலில் இதைவிடப் பெரிய எண்ணை நான் பார்த்ததில்லை.

புது விஷயத்துக்கு வருகிறேன். இழுப்பு வரும்போது மட்டும் அடிக்கிற பம்ப்பிலேயே வீக்க மருந்தையும் சேர்த்துவிட்டால் என்ன என்று யோசித்தார்கள். ஆள் எப்படியும் அதைத்தான் தேடப்போகிறான், தேடும்போதெல்லாம் கொஞ்சம் ஸ்டீராய்டும் உள்ளே போகட்டும் என்று. 2018, 2019-ல் புடெசோனைடோடு ஃபார்மோட்டரால் என்கிற தசை தளர்த்தும் மருந்தும் சேர்ந்த பம்ப்பை இப்படிச் சோதித்துக் கடும் அட்டாக் பாதிக்கும் கீழே குறைந்ததைக் காட்டினார்கள். 2025-ல் அமெரிக்காவில் சால்பியூட்டமாலோடு புடெசோனைடு சேர்த்த பம்ப்பை லேசான ஆஸ்துமாக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். தனி நீலத்தைவிடக் கடும் அட்டாக் கிட்டத்தட்ட பாதி. லேசான ஆஸ்துமா என்கிற இடத்தைக் கவனியுங்கள். "எனக்கு எப்பவாவதுதான்" என்று சொல்கிற கூட்டம் அது. அதே 2025-ல் நியூசிலாந்தில் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகள் 360 பேரிடம் புடெசோனைடும் ஃபார்மோட்டராலும் சேர்ந்த பம்ப்பையும் தனி நீலத்தையும் ஒப்பிட்டார்கள். சேர்ந்த பம்ப்பில் அட்டாக் 45 சதவீதம் குறைவு.

உங்கள் மகனுக்கு எது பொருந்தும் என்பதை அவனைப் பார்க்கிற டாக்டர் சொல்லட்டும். நாளைக் காலை பிரவுனை எடுத்துக்கொண்டு அதே கிளினிக்குக்குப் போங்கள். "நான் கொடுக்கவில்லை" என்று உண்மையைச் சொல்லுங்கள். கொடுத்தும் கேட்கவில்லை என்று நினைத்து அவர்கள் அளவைக் கூட்டிவிடக்கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

---

டொங்காட்_அம்மா
ஞாயிறு, இரவு 10:58

சரி அண்ணா. நாளைக்கே போகிறேன்.

---

மெரேபேங்க்_ஐயா
திங்கள், காலை 6:20

எல்லாரும் பம்ப்பையே பேசுகிறீர்கள். நான் காற்றைப் பற்றிப் பேச வந்தேன்.

டர்பனுக்குத் தெற்கே எங்கள் ஊர் இரண்டு பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவில் வளர்ந்த ஊர். ராத்திரி ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தால்கூட அழுகின முட்டை வாடை உள்ளே வரும். நடுவில் இருந்த செட்லர்ஸ் ஆரம்பப் பள்ளியில் இந்த நாட்டு ஆராய்ச்சியாளர்களும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். 2002-ல் அறிக்கை வந்தது. ஏறத்தாழ பாதிப் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு அளவில் ஆஸ்துமா. காற்றில் கந்தக டை ஆக்சைடும் தூசியும் கூடின நாட்களில் அவர்கள் ஊதுகிற பலம் குறைந்ததையும் அளந்து காட்டினார்கள். நாங்கள் வருஷக்கணக்காக வாயால் சொன்னது அன்றைக்குத்தான் எண்ணாக மாறியது. அந்த எண்ணுக்காகத் தெருவில் நின்றவர்களில் நானும் ஒருத்தன்.

லண்டனில் எல்லா (Ella) அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்று ஒரு பெண்பிள்ளை. பெரிய சாலைக்குப் பக்கத்தில் வீடு. 2013-ல் 9 வயசில் ஆஸ்துமாவில் போய்விட்டாள். அவள் தாய் விடவில்லை. 2020 டிசம்பரில் இரண்டாம் விசாரணையில், சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று அதிகாரபூர்வமாக எழுதப்பட்டது. பிரிட்டனில் அப்படி எழுதப்பட்ட முதல் சாவு அது.

இப்போது எங்கள் பக்கத்தில் சுத்திகரிப்பு நின்றுவிட்டது. கன்டெய்னர் லாரிகள் நிற்கவில்லை. பேரனுக்கு பம்ப் வாங்கித் தருகிறேன், வேண்டாமென்று சொல்லவில்லை. புகையை வாயில் ஊதிவிட்டு மருந்தைக் கையில் கொடுத்தால் போதுமா அம்மா?

---

சாட்ஸ்வொர்த்_அக்கா
திங்கள், காலை 7:05

போதாது ஐயா. நீங்கள் நின்றதால்தான் நாங்கள் இன்று இதைப் பேசவாவது முடிகிறது. ஆனால் காற்று சுத்தமாகிற வரை காத்திருக்க என் தம்பிக்கு நேரம் இல்லை, அதனால்தான் பம்ப்பில் ஆரம்பித்தேன். இரண்டும் வேண்டும்.

---

லெனேசியா_ஆயா
திங்கள், மதியம் 1:10

மக்களே, நான் ஜோபர்க் பக்கம். பேத்திக்கு இழுப்பு. மருமகள் இனிமேல் வீட்டில் சாம்பிராணி போடக்கூடாது என்கிறாள். எங்க அம்மா கரும்புத் தோட்டத்து லயத்தில் இருந்த காலத்திலிருந்து வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாமல் நாங்கள் விளக்கு வைத்ததில்லை. தலைக்கு ஊற்றின பிள்ளைகளுக்குப் புகை காட்டித்தான் வளர்த்தோம். ஒன்றும் ஆகவில்லையே? போன வாரம் பேத்திக்கு ஊசியால் கையில் குத்திப் பரிசோதனை செய்தார்கள். தூசிப்பூச்சிக்கும் புல்லுக்கும் தடித்தது. சாம்பிராணி அந்தப் பட்டியலிலேயே இல்லை. அப்புறம் எதற்கு நிறுத்த வேண்டும்?

---

மரிட்ஸ்பர்க்_மருந்தாளர்
திங்கள், மாலை 5:45

ஆயா, அந்தப் பரிசோதனை அலர்ஜியைத்தான் காட்டும். தூசிப்பூச்சியின் எச்சத்தை உடம்பு எதிரியென்று நினைத்து ஒரு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி வைத்திருக்கிறதா என்று பார்க்கிற சோதனை. புகை வேறு வழியில் வேலை செய்கிறது. ஏற்கெனவே வீங்கி ரணமாயிருக்கிற குழாயில் போய் உரசும். மிளகாய் வதக்கினால் எல்லோருக்கும் இருமல் வருகிறது. அதற்காக எல்லோருக்கும் மிளகாய் அலர்ஜி என்று சொல்லமாட்டோம் இல்லையா, அதுபோல. சாம்பிராணி, ஊதுவத்தி, கற்பூரம், கொசுவத்தி, சிகரெட், கரும்புச் சாம்பல் எதுவும் அந்த ஊசியில் தெரியாது, நுரையீரலுக்குத் தெரியும்.

---

சாட்ஸ்வொர்த்_அக்கா
திங்கள், இரவு 8:30

ஆயா, நான் ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டிலும் இதே சண்டை வந்தது. எங்கள் அம்மா இப்போது கரி அடுப்பை வெளி முற்றத்துக்குக் கொண்டுபோய்விட்டார். சாமிக் கொடி ஏற்றியிருக்கிற இடத்திலேயே சாம்பிராணி. உள்ளே நல்லெண்ணெய் விளக்கு மட்டும். தம்பி அந்த நேரம் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு இருப்பான். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகத்தான் இருக்கிறது. புகையை விலக்கினால் மட்டும் இழுப்பு தீர்ந்துவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். பேத்திக்குத் தடுப்பு பம்ப் தினமும் போகிறதா என்று மருமகளிடம் கேளுங்கள். அதுதான் முதலில்.

---

லெனேசியா_ஆயா
திங்கள், இரவு 9:02

முற்றத்தில் போடலாம். அதில் எனக்கு மனக்குறை இல்லை. கேட்கிறேன்.

---

பீனிக்ஸ்_தம்பி
செவ்வாய், காலை 11:20

அலர்ஜி டெஸ்ட் பத்தி பேச்சு வந்ததால கேக்கிறேன். அம்மாவுக்கு ஆன்லைன்ல பார்த்து ரத்தம் அனுப்பி ஒரு டெஸ்ட் எடுத்தோம், ரொம்ப செலவு. 40-க்கு மேல சாப்பாட்டுப் பொருள் ஒத்துக்காதுன்னு ரிப்போர்ட் வந்துச்சு. பால், கோதுமை, தக்காளி, பூண்டு, பருப்பு எல்லாம். ஆறு மாசமா அம்மா சோறும் பூசணிக்காயும்தான் சாப்பிடுறாங்க. எடை குறைஞ்சிட்டே வருது. இழுப்பு குறையல. என்ன பண்றது?

---

மரிட்ஸ்பர்க்_மருந்தாளர்
செவ்வாய், மதியம் 12:35

தம்பி, ரிப்போர்ட்டில் ஐஜிஜி என்று போட்டிருக்கிறதா, ஐஜிஇ என்று போட்டிருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்.

---

பீனிக்ஸ்_தம்பி
செவ்வாய், மதியம் 12:50

ஐஜிஜி.

---

மரிட்ஸ்பர்க்_மருந்தாளர்
செவ்வாய், மதியம் 1:30

அம்மாவை இன்றைக்கே பருப்பு சாப்பிடச் சொல்லுங்கள் என்று எழுத மனசு துடிக்கிறது. ஆனால் ஆளைப் பார்க்காமல் அப்படி எழுதக்கூடாது, டாக்டரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். காரணத்தைச் சொல்கிறேன். ஐஜிஜி என்பது நாம் அடிக்கடி சாப்பிடுகிற பொருளுக்கு உடம்பில் இயல்பாக உண்டாவது. "இதை நான் சாப்பிட்டுப் பழகியிருக்கிறேன்" என்று உடம்பு வைத்திருக்கிற குறிப்பு. தினம் பருப்பும் தக்காளியும் பூண்டும் போட்டு ரசம் வைக்கிற வீட்டில் அவைதான் மேலே வரும். சாப்பாட்டு அலர்ஜியைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனையைப் பயன்படுத்தக்கூடாது என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவச் சங்கம் 2008-லேயே சொல்லிவிட்டது. இப்படி விற்பதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஏமாந்தது உங்கள் தப்பில்லை.

ஐஜிஇ என்பதுதான் அலர்ஜிக்கு உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்புப் பொருள்; அதைப் பார்க்கிற சோதனைகூடத் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. தடிப்பு வந்தும் அந்தப் பொருளைச் சுகமாகச் சாப்பிடுகிறவர்கள் நிறைய. சந்தேகம் இருந்தால் ஆஸ்பத்திரியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடக் கொடுத்துப் பார்ப்பதுதான் முடிவான சோதனை. நம் நாட்டிலேயே கேப்டவுன் நகரத்திலும் கிழக்குக் கேப் கிராமங்களிலும் 1 முதல் 3 வயதுப் பிள்ளைகளை அப்படிச் சாப்பிடக் கொடுத்தே பார்த்தார்கள். நகரத்தில் 2.5 சதவீதம், கிராமத்தில் 0.5 சதவீதம். அசல் சாப்பாட்டு அலர்ஜி அவ்வளவுதான்.

அம்மாவுக்கு ஆஸ்துமாதானா என்பதையும் ஒரு தடவை உறுதி செய்யுங்கள். கனடாவில் டாக்டர் ஆஸ்துமா என்று சொல்லியிருந்த 613 பெரியவர்களைத் திரும்பப் பரிசோதித்தபோது மூன்றில் ஒருத்தருக்கு அப்போது ஆஸ்துமாவே இல்லை. 2017-ல் வந்த ஆய்வு. சிலருக்கு இதயக் கோளாறு இழுப்பு மாதிரி இருந்திருக்கிறது. குழாயில் ஊதி, மருந்து அடித்து, திரும்ப ஊதுகிற ஸ்பைரோமெட்ரி கேளுங்கள். பெரியவர்களுக்கு மருந்துக்குப் பிறகு ஊதுகிற காற்று 200 மில்லிலிட்டரும் 12 சதவீதமும் கூடினால் அது ஆஸ்துமாவுக்குப் பலமான சாட்சி. மூச்சில் வருகிற நைட்ரிக் ஆக்சைடை அளக்கிற சின்ன மெஷினும் இருக்கிறது. வீக்கம் எந்த அளவில் இருக்கிறது என்று அது காட்டும். பிரிட்டனின் 2024 வழிகாட்டியில் பெரியவர்களுக்கு முதலில் அதையோ, ரத்தத்தில் ஈசினோஃபில் என்கிற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையையோ பார்க்கச் சொல்கிறார்கள். ரத்தப் பரிசோதனை எந்தக் கிளினிக்கிலும் எடுக்கலாம்.

---

பீனிக்ஸ்_தம்பி
செவ்வாய், மதியம் 1:48

அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன் அண்ணா. அழுதுட்டாங்க. வியாழக்கிழமை டாக்டர்கிட்ட போறோம்.

---

கேப்டவுன்_நர்ஸ்
செவ்வாய், இரவு 11:15

டியூட்டி முடிந்து இப்போதுதான் படித்தேன். டொங்காட் அம்மாவுக்கு ஒன்று விட்டுப்போயிற்று: பம்ப்பை எப்படி அடிக்கிறீர்கள்? வாயில் வைத்து நேராக அடித்தால் முக்கால்வாசி தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். 6 வயசுப் பிள்ளைக்கு ஸ்பேஸர் (பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கிற குழாய்) இல்லாமல் கொடுப்பது கொடுக்காத மாதிரி.

கடையில் வாங்கக் காசில்லை என்றால் அரை லிட்டர் குளிர்பான பாட்டில் போதும். இதை நிரூபித்தது எங்கள் ஊர். ரெட் கிராஸ் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஹெதர் ஜார் (Heather Zar) என்கிற பேராசிரியரும் அவர் கூட்டமும் 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் ஓட்டை போட்டு, கடை ஸ்பேஸரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இழுப்போடு வந்த பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்தது. 1999-ல் லான்செட் பத்திரிகையில் வந்தது. இன்றைக்கும் பல நாடுகளில் இந்த பாட்டில்தான் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு தாய்க்கு இதைச் செய்து காட்டும்போது எனக்குப் பெருமையாக இருக்கும்.

செய்முறை: பாட்டிலின் அடிப்பாகத்தில் பம்ப்பின் வாய் அச்சாக நுழைகிற அளவு ஓட்டை. கம்பியை அந்த வடிவத்தில் வளைத்துச் சூடுபண்ணி அழுத்தினால் சுத்தமாக வெட்டும். பம்ப்பைச் செருகிச் சுற்றிக் காற்றுப் போகாமல் ஒட்டிவிடுங்கள். முதல் தடவைக்கு முன்னால், பம்ப்பைச் செருகுவதற்கு முன்பே, பாட்டிலைப் பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரில் முக்கி, துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்தெல்லாம் சுவரில் ஒட்டிவிடும். பிள்ளை பாட்டில் வாயை உதட்டால் கவ்விக்கொள்ளட்டும். பம்ப்பைக் குலுக்கி ஒரு தடவை அடியுங்கள், பிள்ளை நிதானமாக ஐந்தாறு மூச்சு இழுத்து விடட்டும். அடுத்த அடிக்குத் திரும்பக் குலுக்குங்கள். இரண்டையும் சேர்த்து அடிக்கக்கூடாது.

நெபுலைசர் வாங்க வேண்டுமா என்று எல்லாத் தாய்மாரும் கேட்பார்கள். மிதமான அட்டாக்கில் பம்ப்பும் ஸ்பேஸரும் நெபுலைசருக்குக் குறைந்ததில்லை. கரண்ட் போகிற நேரத்தில் நெபுலைசர் வெறும் பெட்டி. பாட்டிலுக்குக் கரண்ட் வேண்டாம்.

பிள்ளை பேச முடியாமல் திணறினாலோ, விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே குழிந்தாலோ, நீலம் அடித்தும் இறங்கவில்லை என்றாலோ, பாட்டிலோடு அடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

---

மெரேபேங்க்_ஐயா
புதன், காலை 6:05

இந்த பாட்டில் விஷயம் எனக்குத் தெரியாது. சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் பத்து பாட்டில் செய்து வைக்கிறேன். நர்ஸம்மா, கம்பி எந்தக் கனம்?

---

கேப்டவுன்_நர்ஸ்
புதன், காலை 6:40

கோட் ஹேங்கர் கம்பி போதும் ஐயா. முனையைக் குறடால் பிடித்துக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், பிளாஸ்டிக் புகை வரும். சுட்ட ஓரத்தைத் தேய்த்து மழமழப்பாக்கிவிடுங்கள்.

---

சாட்ஸ்வொர்த்_அக்கா
புதன், இரவு 7:50

மருந்தாளர் அண்ணா, ஒரு கேள்வி. தம்பிக்கு ரத்தத்தில் ஈசினோஃபில் கூட இருக்கிறது என்றார்கள். அட்டாக் வரும்போதே போடுகிற ஊசி ஒன்று வந்திருக்கிறதாமே?

---

மரிட்ஸ்பர்க்_மருந்தாளர்
புதன், இரவு 8:25

பென்ராலிசுமாப். ஈசினோஃபில் அணுக்களைக் குறிவைக்கிற ஊசி, கடும் ஆஸ்துமாவுக்கு ஏற்கெனவே உண்டு. பிரிட்டனில் 158 பேரிடம் அட்டாக் நேரத்திலேயே ஒரு ஊசி போட்டுப் பார்த்து 2024 நவம்பரில் முடிவு சொன்னார்கள். வழக்கமான ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 90 நாளுக்குள் 74 சதவீதம் பேருக்கு வைத்தியம் தோற்றது. ஊசி போட்டவர்களில் 45 சதவீதம். நம்பிக்கை தருகிற எண். ஆனால் சின்ன ஆய்வு, மருந்து ரொம்ப விலை. தம்பி இன்னும் தடுப்பு பம்ப்பையே ஒழுங்காக எடுத்துப் பார்த்ததில்லை. அதை மூன்று மாதம் விடாமல் எடுக்கட்டும். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இருந்தால் ஆஸ்துமாவை நீண்டகால நோய்ப் பட்டியலில் பதியச் சொல்லுங்கள். சட்டப்படி அந்தப் பட்டியலில் உள்ள நோய்க்கு, திட்டம் எதுவானாலும் அடிப்படை வைத்தியம் கொடுத்தாக வேண்டும். பலர் பதியாமலே கைக்காசு போட்டு நீலம் வாங்குகிறார்கள்.

---

டொங்காட்_அம்மா
வியாழன், இரவு 8:10

கிளினிக்குக்குப் போனேன். கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். சிஸ்டர் திட்டவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார். பாட்டில் செய்துவிட்டோம். மகன் அதன்மேல் மயில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான். நான்கு ராத்திரியாகக் காலையும் மாலையும் பிரவுன் கொடுக்கிறேன். நேற்று அவன் ஒரு தடவைதான் எழுந்தான்.

---

சாட்ஸ்வொர்த்_அக்கா
வியாழன், இரவு 9:00

தங்கச்சி, முழு பலன் தெரியச் சில வாரம் ஆகும் என்றார் எங்கள் டாக்டர். நிறுத்திவிடாதே.

தம்பி இன்று வேலைக்குப் போனான். புது பம்ப்பில் இன்னும் எத்தனை அடி மிச்சம் என்று காட்டுகிற சின்ன ஜன்னல் இருக்கிறது. காலையில் அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். தினமும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். 11 காலி பம்ப்பையும் ஒரு பையில் போட்டு வாசலில் மாட்டி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகும்போது எடுத்துப்போய் அவர் மேசையில் வைக்கப்போகிறோம்.